டூப்ளிகேட் பிரிட்ஜ்: முதல் போட்டிக்குப் போகும் முன் ஏலம், விதி, மேசை நடத்தை

என் முதல் டூப்ளிகேட் போட்டியில் (ஒரே சீட்டு விநியோகத்தைப் பல மேசைகள் ஆடும் பிரிட்ஜ்) எதிரணி மூன்று ஹார்ட் சொன்னது, அதாவது ஹார்ட்டைத் துருப்பாக வைத்து ஒன்பது டிரிக் (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்று) எடுப்போம் என்ற ஏலம். நான் அரை நிமிடம் என் சீட்டையே வெறித்துப் பார்த்துவிட்டு பாஸ் அட்டையை வைத்தேன். அடுத்தவரும் பாஸ். பார்ட்னர் மூன்று ஸ்பேட் சொன்னார், ஒன்பது டிரிக் எடுத்தோம், 140 புள்ளி. எதிரணி டைரக்டரை, அதாவது போட்டி நடுவரை, கூப்பிட்டது. அவர் நடந்ததைக் கேட்டார், பார்ட்னரின் சீட்டைப் பார்த்தார், போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து எங்கள் 140-ஐ அடித்துவிட்டு, மூன்று ஹார்ட் ஆடி ஜெயித்ததாக எதிரணிக்கு 140 எழுதினார். "நான் வாயே திறக்கலையே" என்று எனக்கு ஆத்திரம். வாயைத் திறக்காமலே பேசிவிட்டேன் என்பது புரிய ஒரு வருடம் ஆனது.

பிரிட்ஜில் ஏல அறிவும் மேசை ஒழுக்கமும் இரண்டு தனிப் பாடங்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அவை முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நல்ல முடிவுக்கு யோசிக்க நேரம் வேண்டும், யோசிக்கும் நேரமே பார்ட்னருக்குச் செய்தி சொல்லிவிடும். ஏலம் சொல்லவும் சீட்டு இறக்கவும் தெரிந்தவர், போட்டி மேசையில் உட்காரும் வரிசையிலேயே இந்தப் படிகளைப் பார்க்கலாம்.

படி 1: யாரை எதிர்த்து ஆடுகிறோம்?

வீட்டுப் பிரிட்ஜில் நல்ல சீட்டு வந்தவர் பாடு கொண்டாட்டம். டூப்ளிகேட்டில் ஒரே சீட்டு விநியோகம் நான்கு அறைகள் உள்ள போர்டில் அப்படியே மேசை மேசையாகப் போகும். நீங்கள் வடக்கு-தெற்கு என்றால், மற்ற மேசைகளில் அதே 26 சீட்டை வைத்துக்கொண்டு வடக்கு-தெற்கில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் உங்கள் போட்டியாளர்கள். எல்லா ஏஸும் எதிரணிக்குப் போய்விட்டதா? கவலையில்லை, எல்லா மேசையிலும் அவர்களுக்குத்தான் போயிருக்கிறது. மற்றவர்கள் 110 இழக்கும் இடத்தில் நீங்கள் 100 மட்டும் இழந்தால் அந்த போர்டு உங்களுடையது.

உள்ளே நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மேட்ச்பாயிண்டா, ஐஎம்பியா (International Match Points)? மேட்ச்பாயிண்டில் நீங்கள் முந்திய ஒவ்வொரு ஜோடிக்கும் 2 புள்ளி, சமமான ஜோடிக்கு 1. (சில இடங்களில் 1, அரை என்று கொடுப்பார்கள்.) எவ்வளவு முந்தினீர்கள் என்பது கணக்கில் வராது. வல்னரபிள் (தோற்றால் அபராதமும் ஜெயித்தால் கேம் போனஸும் கூடும் நிலை) இல்லாதபோது நான்கு ஸ்பேடில் பத்து டிரிக் எடுத்தால் 420, மூன்று நோ டிரம்பில் (துருப்பு இல்லாத ஆட்டத்தில்) பத்து எடுத்தால் 430. மேட்ச்பாயிண்டில் இந்தப் பத்தே பத்து ஒரு போர்டையே தூக்கிக்கொடுக்கும். டீம் ஆட்டங்களில் வரும் ஐஎம்பியில் வித்தியாசத்தை ஒரு அட்டவணைப்படி சுருக்குவார்கள். அதில் 10 வித்தியாசத்துக்குப் பூஜ்யம்.

இதிலிருந்து ஏலத்துக்கு என்ன கிடைக்கிறது? கேம் (பெரிய போனஸ் கிடைக்கும் அளவுக்கு உயர்ந்த ஏலம்) சொல்வதா, பாதியில் நிறுத்துவதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வல்னரபிளாக இருக்கிறீர்கள், ஐஎம்பி ஆட்டம். நான்கு ஸ்பேட் சொல்லி ஜெயித்தால் 620. மூன்றில் நின்று பத்து டிரிக் எடுத்த மேசைக்கு 170. வித்தியாசம் 450, அதாவது 10 ஐஎம்பி. ஒன்பது டிரிக்தான் வருகிறது என்றால் உங்களுக்கு மைனஸ் 100, மூன்றில் நின்றவருக்கு 140. வித்தியாசம் 240, அதாவது 6 ஐஎம்பி. கிடைத்தால் 10, போனால் 6 என்பதால் 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே கேம் சொல்லிவிடலாம். வல்னரபிள் இல்லையென்றால் கிடைப்பது 6, போவது 5, தேவைப்படும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம். மேட்ச்பாயிண்டில் சரிக்குச் சரி, பாதிக்குப் பாதி வேண்டும். ஒரே கையில் டீம் ஆட்டத்தில் துணிவதும் ஜோடி ஆட்டத்தில் பாஸ் சொல்வதும் முரண்பாடு இல்லை.

படி 2: உட்காருங்கள், எண்ணுங்கள்

சீட்டின் முகத்தைப் பார்க்கும் முன், கவிழ்த்த நிலையிலேயே 13 இருக்கிறதா என்று எண்ணுங்கள். இது விதி. முந்தைய மேசையில் யாரோ ஒரு சீட்டைத் தவறான அறையில் செருகியிருந்தால், எண்ணும்போதே கண்டுபிடித்தால் டைரக்டர் சரிசெய்துவிடுவார். பார்த்த பிறகு கண்டுபிடித்தால் அந்த போர்டே வீணாகலாம்.

அப்புறம் போர்டில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள்: யார் டீலர் (ஏலத்தைத் தொடங்குபவர்), யார் வல்னரபிள். இதைப் பார்க்காமல் ஏலம் சொல்பவர்களை நான் எல்லா மட்டத்திலும் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும் சேர்த்து.

படி 3: கையை எடை போடுவது

ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 12 புள்ளி இருந்தால் தொடங்கு, இல்லாவிட்டால் பாஸ் என்று அதை மந்திரமாக்கிவிடுவதில்தான் சிக்கல். அதைச் சரிசெய்ய வந்த 20 விதி, புள்ளியோடு மிக நீளமான இரண்டு சூட்களின் (ஒரே சின்னச் சீட்டுகளின்) நீளத்தைக் கூட்டச் சொல்கிறது. 20 வந்தால் தொடங்கலாம். நல்ல விதிதான், ஆனால் அதுவும் ஏமாற்றும். இரண்டு கைகளைப் பாருங்கள்.

முதல் கை: ஸ்பேடில் ஏஸ், ராஜா, 10, 9, 5. ஹார்டில் ஏஸ், 10, 9, 8. டைமண்டில் 7, 4. கிளப்பில் 6, 3.

இரண்டாவது கை: ஸ்பேடில் ஜாக்கி, 8, 6, 4, 3. ஹார்டில் ராணி, 7, 5, 2. டைமண்டில் ராஜா, ராணி. கிளப்பில் ராஜா, ஜாக்கி.

முதல் கையில் 11 புள்ளி, கூட்டினால் 20. இரண்டாவதில் 12 புள்ளி, கூட்டினால் 21. விதி இரண்டாவதுதான் உசத்தி என்கிறது. நான் முதல் கையைக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவேன், இரண்டாவதில் பாஸ் சொல்வேன். முதல் கையில் பெரிய சீட்டெல்லாம் நீளமான சூட்களில் இருக்கிறது, பின்னால் 10-ம் 9-ம் துணை நிற்கின்றன, இரண்டு ஏஸ் இருக்கின்றன. இரண்டாவதில் ஏஸே இல்லை. ஒன்பது புள்ளி இரண்டே சீட்டு உள்ள சூட்களில் முடங்கிக்கிடக்கிறது. புள்ளி எத்தனை என்பதற்கு முன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஏலம் நகர நகர அந்த மதிப்பும் ஏறி இறங்கும். உங்களிடம் ஹார்டில் ராஜாவும் ஜாக்கியும் இருக்கின்றன என்று வையுங்கள். வலதுபக்கத்து எதிரி ஹார்ட் சொன்னால் முகம் மாறாமல் உள்ளுக்குள் சந்தோஷப்படுங்கள்: அவருடைய ஏஸும் ராணியும் உங்களுக்கு முன்னால் விழ வேண்டும். இடதுபக்கத்து எதிரி சொன்னால் அதே இரண்டு சீட்டும் பாதி செத்த மாதிரி. பார்ட்னர் சொன்ன சூட்டில் உங்கள் ராணி தங்கம். எதிரணி சொன்ன சூட்டில் அது தாக்குதலுக்கு உதவாது, தடுப்பாட்டத்துக்கு மட்டும் உதவலாம். பார்ட்னர் கேமுக்கு அழைப்பு விடுக்கும்போது, மொத்தப் புள்ளியைத் திரும்ப எண்ணாமல் அவர் சொன்ன சூட்டில் எவ்வளவு உதவி இருக்கிறது, வெளியே எத்தனை ஏஸ் என்று மட்டும் பார்த்து முடிவெடுங்கள். பெரும்பாலும் அது போதும்.

படி 4: எதிரணியும் ஏலத்தில் இருக்கும்போது

மேட்ச்பாயிண்ட் போட்டிகள் பெரிய ஸ்லாம்களில் (12, 13 டிரிக் ஏலங்களில்) தீர்மானமாவதில்லை. இரண்டா மூன்றா என்று இழுபறி நடக்கும் சின்ன காண்ட்ராக்ட்களில்தான் (ஏலத்தில் கடைசியாக நின்ற வாக்குகளில்தான்) தீர்மானமாகின்றன. எதிரணியை இரண்டு ஹார்டில் நிம்மதியாக விட்டால் 110. நீங்கள் இரண்டு ஸ்பேடுக்குப் போய் ஒரு டிரிக் குறைந்தால், வல்னரபிள் இல்லாதபோது 50தான் நஷ்டம். இரண்டு குறைந்தாலும் டபிள் (எதிரணி அபராதத்தைக் கூட்டச் சொல்லும் ஏலம்) இல்லாவிட்டால் 100. இரண்டுமே 110-ஐவிட மேல். மாறாக, வல்னரபிளாக இருந்து டபிள் வாங்கி ஒரு டிரிக் குறைந்தால் 200. எதிரணிக்குச் சின்ன காண்ட்ராக்ட்டில் பெரும்பாலும் அவ்வளவு வராது, எனவே அந்த போர்டில் உங்களுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். போர்டின் நிறத்தைப் பார் (யார் வல்னரபிள் என்று காட்டுவது அதுதான்) என்று பழைய ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

எவ்வளவு தூரம் போவது? ஃபிரான்ஸைச் சேர்ந்த ழான்-ரெனே வெர்ன் எடுத்துக்காட்டிய ஒரு கணக்கு கைகொடுக்கும். உங்கள் பக்கத்தின் சிறந்த சூட்டில் உள்ள துருப்புகளையும் எதிரணியின் சிறந்த சூட்டில் உள்ள துருப்புகளையும் கூட்டினால், இரண்டு பக்கமும் அவரவர் துருப்பில் எடுக்கக்கூடிய டிரிக்குகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழ சமமாக வரும். மேசையில் உட்கார்ந்து இவ்வளவையும் கணக்குப்போட வேண்டாம். சுருக்கம் இதுதான்: இருவருக்கும் சேர்த்து எட்டுத் துருப்பு என்றால் இரண்டு வரை, ஒன்பது என்றால் மூன்று வரை, பத்து என்றால் நான்கு வரை. ஏறத்தாழ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். எதிரணி சூட்டில் உங்களிடம் ராணி ஜாக்கி குவிந்திருந்தால் மொத்த டிரிக் குறையும், ஒரு படி முன்பே நிறுத்துங்கள்.

எதிரணி கேமுக்கு எதிராகத் தெரிந்தே தோற்கப் போகும் தியாக ஏலத்துக்கும் நிறம்தான் கணக்கு. அவர்கள் மட்டும் வல்னரபிள் என்றால் அவர்களின் நான்கு ஸ்பேடுக்கு 620. நீங்கள் டபிளோடு மூன்று டிரிக் குறைந்தால் 500, லாபம். நிறம் ஒன்றாக இருந்தால் இரண்டு டிரிக் வரை தாங்கும். நீங்கள் மட்டும் வல்னரபிள் என்றால் ஒன்றே ஒன்று, அதற்காகப் போவது அநேகமாக வீண் வேலை. தியாகம் செய்யும் முன், மற்ற மேசைகளும் அந்த கேமைச் சொல்லியிருக்குமா, அது ஜெயிக்குமா என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். தோற்கப் போகிற கேமுக்கு எதிராகத் தியாகம் செய்வது பிரிட்ஜில் உள்ள மிக வருத்தமான செயல்களில் ஒன்று.

படி 5: தயக்கம்

யோசிப்பது குற்றமில்லை. விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. நீங்கள் யோசித்ததால் உங்களுக்குத் தண்டனை கிடையாது, அதைப் பார்ட்னர் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது. நீண்ட யோசனைக்குப் பின் பாஸ் என்றால் "என்னிடம் ஏதோ இருக்கிறது, ஆனால் போதவில்லை" என்று பொருள். பெருமூச்சு, அட்டையை ஓங்கி வைப்பது, புருவம் உயர்வது, ஒரு பாஸுக்கு முன் எதிரணி ஏலத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது எல்லாமே செய்திதான். பார்ட்னருக்கு அனுமதியில்லாத செய்தி.

அப்படிச் செய்தி கிடைத்தவரின் கடமை என்ன? அவர் முன்னால் நியாயமான வழிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், தயக்கம் எந்த வழியைக் காட்டுகிறதோ அதை எடுக்கக் கூடாது. நியாயமான வழி என்பது, அவரைப் போன்ற தரமுள்ள ஆட்டக்காரர்களில் கணிசமானவர்கள் தீவிரமாகப் பரிசீலிக்கக்கூடியது, சிலராவது தேர்ந்தெடுக்கக்கூடியது. டைரக்டர்கள் அந்தக் கையை வேறு சில ஆட்டக்காரர்களிடம் காட்டி, தயக்கத்தைச் சொல்லாமல், "இங்கே என்ன சொல்வீர்கள்?" என்று கேட்பதும் உண்டு. பாதிப் பேர் பாஸ் என்றால் உங்கள் மூன்று ஸ்பேட் போய்விடும். எனக்கு நடந்தது அதுதான். பார்ட்னரின் கையில் மூன்று ஸ்பேட் சொல்லாமல் இருக்கவே முடியாது என்ற நிலை இருந்திருந்தால் 140 எங்களிடமே நின்றிருக்கும்.

நடைமுறையில் இதற்கு மூன்று பழக்கங்கள். முதலாவது, எல்லா ஏலத்தையும் ஒரே வேகத்தில் சொல்லுங்கள். சுலபமான பாஸுக்கும் ஓரிரு விநாடி எடுத்துக்கொண்டால், கஷ்டமான பாஸ் அவ்வளவாகத் தனித்துத் தெரியாது. இரண்டாவது, வலப்பக்க எதிரி படி தாண்டி, அதாவது தேவைக்கு மேல் உயரமாக, ஏலம் சொன்னால் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சுமார் 10 விநாடி பொறுங்கள். இடைவெளி எப்போதும் இருந்தால் அதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். மூன்றாவதுதான் கஷ்டமானது. பார்ட்னர் தயங்கினால், அவர் சட்டென்று சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் குழப்பமாக இருந்தால், தயக்கம் காட்டும் திசைக்கு எதிர்த்திசையில் போங்கள். சில போர்டுகள் கைவிட்டுப் போகும், போகட்டும்.

வேண்டுமென்றே தயங்கி எதிரணியை ஏமாற்றுவது வேறு ரகம். கையில் ஒரே ஒரு ஸ்பேட் வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்று யோசிப்பதுபோல நடித்தால் அது நேரடி விதிமீறல். பொய்யான ஏலம் சொல்லி ஏமாற்றலாம், உங்கள் பார்ட்னருக்கும் அது எதிர்பாராததாக இருக்கும்வரை விதி அதை அனுமதிக்கிறது. பாவனையால் ஏமாற்ற முடியாது.

படி 6: கேள்வியும் விளக்கமும்

வழக்கமான பொருளில் வராத ஏலத்தைப் பார்ட்னர் சொன்னால் அலர்ட் அட்டையைக் காட்டுங்கள். எதை அலர்ட் செய்ய வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எதிரணி கேட்டால் உங்களுக்குள் உள்ள ஒப்பந்தத்தை மட்டும் சொல்லுங்கள். "நான் இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்" என்பது விளக்கம் இல்லை, அது பார்ட்னருக்குப் போகும் தந்தி. பேசி வைக்கவில்லை என்றால் "பேசி வைக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள்.

பார்ட்னர் தப்பாக விளக்கினால்? முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. உங்கள் பக்கம் காண்ட்ராக்ட் ஆடப் போகிறது என்றால், ஏலம் முடிந்ததும் முதல் சீட்டு இறங்கும் முன் டைரக்டரை அழைத்துத் திருத்துங்கள். நீங்கள் தடுப்பாட்டக்காரர் என்றால் ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் திருத்தினால் பார்ட்னர் விழித்துக்கொள்வார்.

படி 7: தப்பு நடந்தால் டைரக்டர்

"டைரக்டர், ப்ளீஸ்" என்று கூப்பிடுவது யாரையும் குற்றம் சாட்டுவதாகாது. மின்சாரம் போனால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவதுபோல. "பரவாயில்லைங்க, மாத்திக்கங்க" என்று மேசையில் நாமே தீர்த்துக்கொள்வதுதான் உண்மையான தப்பு. அது மற்ற மேசைகளுக்கு அநியாயம், பெரும்பாலும் விதியும் நாம் நினைப்பதுபோல இருக்காது. இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு. அடிக்கடி வருபவை மட்டும் இங்கே.

கை தவறி வேறு அட்டை வந்துவிட்டதா? பார்ட்னர் தன் முறையில் ஏலம் சொல்லும்வரை மாற்றலாம். கை தவறியிருக்க வேண்டும். மனம் மாறியது, கவனம் சிதறியது இதில் சேராது.

ஒரு ஸ்பேடுக்கு மேல் ஒரு ஹார்ட் சொல்லிவிட்டீர்களா? உங்களுக்கு அடுத்து சொல்ல வேண்டியவர் விரும்பினால் அதை ஏற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால் இரண்டு ஹார்ட் என்று திருத்தினால் பெரும்பாலும் ஏலம் வழக்கம்போலத் தொடரும். ஏறத்தாழ அதே பொருள் தரும் வேறொரு ஏலமும் செல்லும். மற்றபடி எதைச் சொன்னாலும் பார்ட்னர் அந்த ஏலம் முழுக்க பாஸ்தான்.

தடுப்பாட்டக்காரர் முறை மாறி முதல் சீட்டை இறக்கிவிட்டால் டிக்ளேரருக்கு (காண்ட்ராக்டை ஆடுபவருக்கு) ஐந்து வழிகள் கிடைக்கின்றன, அவற்றை டைரக்டர் விளக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் சீட்டைக் கவிழ்த்து வையுங்கள், "கேள்வி இருக்கா?" என்று பார்ட்னரைக் கேளுங்கள், பிறகு திருப்புங்கள். முறை தவறியிருந்தால் அந்த இடைவெளியில் தெரிந்துவிடும்.

ரிவோக், அதாவது இறங்கிய சூட் கையில் இருந்தும் வேறு சூட் சீட்டு போடுவது. நீங்களோ பார்ட்னரோ அடுத்த டிரிக்கில் சீட்டு போடுவதற்குள் கவனித்தால் திருத்தியே ஆக வேண்டும். தடுப்பாட்டக்காரர் போட்ட தப்பான சீட்டு தண்டனைச் சீட்டாக மேசையில் கிடக்கும். அதற்குப் பின் கவனித்தால், ரிவோக் செய்தவரே அந்த டிரிக்கை ஜெயித்திருந்தால் அதுவும், அதன்பின் அவர் பக்கம் ஜெயித்தவற்றில் ஒன்றும் கைமாறும். அவர் ஜெயிக்காமல் அவர் பக்கம் அதையோ பின்னால் வந்ததையோ ஜெயித்திருந்தால் ஒன்று மட்டும். அதனால் ஏற்பட்ட நஷ்டம் அதைவிடப் பெரியது என்றால் டைரக்டர் மேலும் சரிசெய்வார்.

படி 8: ஆட்டத்தின்போது

டம்மி, அதாவது சீட்டை விரித்து வைத்துவிட்ட டிக்ளேரரின் பார்ட்னர், மேசையின் காவலர் இல்லை. டிக்ளேரர் தப்பான பக்கத்திலிருந்து இறக்கப் போனால் தடுக்கலாம், "ஸ்பேட் இல்லையா?" என்று கேட்கலாம். நடந்து முடிந்த தப்பை ஆட்டம் முடியும்வரை சுட்டிக்காட்டக் கூடாது, எழுந்து போய் எதிரணி சீட்டைப் பார்க்கவும் கூடாது.

மிச்ச டிரிக்குகள் உங்களுடையவை என்று தெரிந்தால் சீட்டைக் காட்டி கிளெய்ம் செய்யுங்கள், இழுத்தடிக்காதீர்கள். ஆனால் எந்த வரிசையில் ஆடுவீர்கள் என்று அப்போதே சொல்லுங்கள். வெளியே ஒரு துருப்பு மிச்சமிருந்து, அதை எடுப்பதாக நீங்கள் சொல்லாமல் விட்டு, அதை மறந்திருக்கவும் வாய்ப்பிருந்தால், சந்தேகத்தின் பலன் எதிரணிக்கு. ஆடி முடித்த சீட்டுகளை வரிசை கலைக்காமல் வையுங்கள், ஜெயித்தவை பார்ட்னரை நோக்கி, தோற்றவை எதிரணியை நோக்கி. முடிவில் சச்சரவு வந்தால் அதுதான் சாட்சி.

போர்டு முடிந்ததும் பார்ட்னருக்குப் பாடம் எடுக்க வாய் துடிக்கும். பக்கத்து மேசைக்கு அந்த போர்டு இன்னும் போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள். "டைமண்ட் ராஜா விழுந்துச்சே!" என்று நீங்கள் சொன்னது கேட்டால் அவர்களால் அந்த போர்டை ஆடவே முடியாமல் போகலாம். எனக்கும் என் பார்ட்னருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு: போட்டி முடியும்வரை பேச்சு அடுத்த போர்டைப் பற்றி மட்டும். திட்டுவதெல்லாம் வீட்டுக்குப் போகும் வழியில்.

படி 9: ஸ்கோர்

பொதுவாக வடக்கு ஸ்கோரைப் பதிவார், கிழக்கு-மேற்கில் ஒருவர் சரிபார்ப்பார். சரிபார்ப்பவர் பார்க்காமலே தலையாட்டுவதுதான் வழக்கம், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். காண்ட்ராக்ட், ஆடியவர் யார், எத்தனை டிரிக் என்ற மூன்றையும் பாருங்கள். பெரும்பாலான தப்பு இரண்டாவதில் நடக்கும், தெற்கு ஆடியது மேற்கு ஆடியதாக ஏறிவிடும், உங்கள் லாபம் எதிரணிக்குப் போய்விடும். முடிவுகள் வெளியானதும் உங்கள் வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழ் பாருங்கள். வேறு அறிவிப்பு இல்லையென்றால் ஸ்கோர் பிழையைத் திருத்த 30 நிமிடம் உண்டு, எனவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் பாருங்கள்.